ஜாஸ்தியின் மணி

புளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். பங்குனி மாதத்தில் கல்வராயன் மலைக்குப் புளி வாங்கப் போகிற கள்ளக்குறிச்சி மண்டிக்காரனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் மனைவி அமிர்தம் மட்டும் வாசலில் நின்று என் கைகளைப் பார்த்தாள்.

"புளிக்குப் போறவரு ஒரு கோணி கூட எடுத்துக்கலியே."

"அங்கயே கெடைக்கும்."

"சரி," என்றாள்.

அவள் 'சரி' என்றால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. விசாரணையை வாய்தா போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் போனது ஒரு வெண்கல மணியைத் தேடி. ஐப்பசி மழையில் செத்துப்போன என் குதிரையின் கழுத்தில் கிடந்த மணி. குதிரையை மலையிலேயே புதைத்துவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த மணியாவது கைக்கு வர வேண்டும் என்று மாதக்கணக்கில் மனசு அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பொருள் வேண்டும் என்று வெளியே காட்டிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் அம்மணமாகக் கடைத்தெருவில் நிற்பதற்குச் சமானம்.

என் அப்பா ஆதிமூலம் இந்த வித்தையில் கரைகண்டவர். கடைக்குள் நுழைந்தால் தனக்கு வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விலை கேட்பார். மிளகாய் வேண்டுமென்றால் தனியாவைத் திட்டிக்கொண்டிருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமல், கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். மாமனார் மிரண்டுபோய்க் கன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

குதிரை வாங்கியதும் அவரோடு போய்த்தான். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை. குதிரை என்றதும் கல்யாண ஊர்வலத்தில் ஜரிகை போட்டுக்கொண்டு ஆடுகிற ஜாதிக்குதிரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குத் தேவைப்பட்டது மலைப்பாதையில் மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை. செம்மண் நிறத்தில், வயிறு கொஞ்சம் தொங்கலாக, நெற்றியில் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்பா பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு வியாபாரியின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்தார். விரல்களுக்குள் என்ன நடந்ததோ, "ஜாஸ்தி" என்று கையை உதறிவிட்டு நடந்தார்.

பின்னாலேயே குளம்புச் சத்தம் கேட்டது. வியாபாரியின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு அவள் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் வெல்லம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அப்பா மறுபடி விலை பேசி மறுபடி "ஜாஸ்தி" என்றபோது, காதை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கூப்பிட்டாற்போல. அதற்கப்புறம் அவளுக்கு வேறு பெயர் வைக்கிற வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

என்ன விலைக்கு முடிந்தது என்று எழுத மாட்டேன். துண்டுக்கு அடியில் சொன்னதை வெளியில் சொன்னால் செத்துப்போன அப்பா எழுந்து வந்துவிடுவார். விலை முடிந்ததும் வியாபாரி தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். எங்களிடம் கயிறு இல்லை. கையில் கயிறோடு சந்தைக்குள் போனால் வாங்க வந்தவன் என்று தெரிந்து விலை ஏறிவிடும் என்பது அப்பாவின் சட்டம். என் தோள்துண்டை அவள் கழுத்தில் போட்டேன். இழுக்கவே இல்லை. லாரி வரைக்கும் துண்டு தொளதொளவென்று தொங்க, என் பக்கத்திலேயே நடந்துவந்தாள்.

மணி கள்ளக்குறிச்சிப் பாத்திரக்கடையில் வாங்கியது. முதல் மழைக்காலத்திலேயே அதன் நாக்கு ஓடையில் எங்கோ விழுந்துவிட்டது. கரியாலூரில் அவளைக் கட்டிப் பார்த்துக்கொண்ட வேடியப்பன், வேனிலிருந்து கழன்று கிடந்த போல்ட் ஒன்றைக் கம்பியில் கோத்துக் கட்டினான். அதிலிருந்து அந்த மணி ஊரில் உள்ள எந்த மணியைப் போலவும் இல்லை. ஒரு அடி 'டங்' என்று கேட்கும், அடுத்த அடி 'கொட்' என்று கேட்கும். சளி பிடித்த கோயில் மணி மாதிரி.

அந்தச் சத்தத்தின் பின்னால்தான் நான் என் நல்ல வயசை நடந்து தீர்த்தேன். கரியாலூர் வரை வேனில் சாமான். அங்கிருந்து ரோடு இல்லாத நாவல்குழிக்கு அவள் முதுகில். ஏறும்போது உப்பு, கருவாடு, சோப்பு, டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை. இறங்கும்போது புளி, சாமை, கடுக்காய். வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்றுவிடுவாள். நமக்கு வியாபாரம் இல்லாத வீடாக இருக்கும். ஆனாலும் யாராவது வெளியே வந்து ஒரு வாய் கூழோ கைப்பிடிச் சாமையோ கொடுக்காமல் நகர மாட்டாள். அவள் நின்றுவிட்டதால் நானும் நிற்க வேண்டும். நின்றதால் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்ததால் அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து ஒரு கூடை புளி வரும். மண்டிக்கு அந்த மலையில் வாடிக்கை பிடித்துக் கொடுத்தவள் அவள். பெயர்ப்பலகையில் என் பெயர் இருந்தது.

ஓடையில் தண்ணீர் குடித்து முடித்ததும் தலையை ஒரு முறை ஆட்டுவாள். டங். எனக்கு அது, எழுந்திரு, போகலாம். பாறையில் உட்கார்ந்து மண்டிக் கவலைகளையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தத் தலையாட்டலோடு பேச்சு முடியும். என் பேச்சை அப்படி முடித்துவைத்தவர்கள் உலகத்தில் அவளையும் அமிர்தத்தையும் தவிர யாரும் இல்லை.

ஐப்பசியில் எனக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் செய்து, இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று படுக்கப் போட்டிருந்தார்கள். வேடியப்பன் மட்டும் சுமையோடு அவளை ஓட்டிக்கொண்டு போனான். நாவல்குழியில் மூட்டைகளை இறக்கியதும், செல்லியம்மாள் வீட்டுப் பலா மரத்தடியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தையல் பிரியும் என்று அழவும் விடவில்லை.

இப்போது கரியாலூரில் வேனை விட்டு இறங்கினேன். அருவி பார்க்க வந்த கார்கள் வரிசையாக நின்றன. வேடியப்பன் டீக்கடை வாசலில் காத்திருந்தான்.

"நடந்துடுவீங்களாண்ணா? வயித்துல கத்தி வெச்ச ஒடம்பு."

"வெச்ச கத்திய எடுத்துட்டாங்கடா. நட."

அவன் முன்னால் போனான், நான் பின்னால். வேடியப்பன் நல்லவன்தான். ஆனால் அவன் கழுத்தில் மணி இல்லை. பாதை இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வழியில் இருந்த வீடுகளில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. மணிச் சத்தம் இல்லாமல் ஒரு மண்டிக்காரன் வருவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டு முன்னால் என் கால் தானாக நின்றது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தேன்.

ஓடையைத் தாண்டி மேடு ஏறும்போது கேட்டது.

டங். கொட்.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தையல் போட்ட இடத்துக்கு மேலே, நெஞ்சுக்குள் ஏதோ பிரிந்தாற்போல் இருந்தது. மேலே மரங்களுக்குள் மறுபடி கேட்டது. டங். ஒரு நொடி, ஒரே நொடி, அவள் வருகிறாள் என்றே நினைத்தேன். எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தும் நினைத்தேன்.

வேடியப்பன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். "செல்லியக்கா மாடுண்ணா," என்றான். "புதைக்கறப்ப கழட்டி வெச்சாங்க. அப்பறம் மாட்டுக்குக் கட்டிட்டாங்க. போன்லயே சொல்லலாம்னுதான் இருந்தன்…"

"நல்லதுதான்," என்றேன். "மணி சும்மா கெடந்தா பச்சை பிடிச்சிப் போவும்."

பேச்சு அப்படி இருந்தது. உள்ளே இருந்தது வேறு.

செல்லியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனபின் தனியாகவே கொல்லையைக் கட்டிக் காப்பவள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க மண்டிக்காரரே. இன்னா இப்டி எளைச்சிப் போயிட்டீங்க? பட்டணத்து டாக்டருங்க வயித்தோட சேத்து சதையும் எடுத்துக்கினாங்களா?"

"கேக்காமலே எடுத்துக்கினாங்க. வெல கூட பேசல."

அவள் சிரித்துவிட்டு, சிரிப்பை நடுவிலேயே நிறுத்தி, கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். பலா மரத்தடியில் ஒரு மண்மேடு. தலைமாட்டில் கல் நட்டிருந்தார்கள். மேடு முழுக்கப் பரங்கிக் கொடி படர்ந்திருந்தது. உயிரோடு இருந்தபோது இந்தக் கொல்லையில் ஒரு பரங்கிப் பிஞ்சு விடாமல் தின்று செல்லியம்மாளிடம் வசவு வாங்கியவள். இப்போது அவள்மேல் பரங்கி காய்த்துக் கிடந்தது. கணக்கு நேர் செய்கிற மாதிரி.

"ராவெல்லாம் மழ," என்றாள் செல்லியம்மாள். "நான் கோணிய போத்திவிட்டன். வெல்லத் தண்ணி கரைச்சி வெச்சன், மோந்துட்டு வுட்டுடுச்சு. வழியையே பாத்துக்கினு இருந்துச்சுங்க. வேடியப்பன் இங்கதான் நிக்கறான், யார பாக்குது அப்டின்னு எனக்குத் தெரியாதா? காலைல தலைய ஒரு தரம் ஆட்டிச்சு. அவ்ளோதான்."

பரங்கி இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லாத நல்ல இலை.

மணியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றலாம். என் மணிதான். ஆனால் தன் சாமைக் கொல்லையில் குழி வெட்டி என் குதிரைக்கு இடம் கொடுத்தவளிடம் போய், என் சாமான் ஒன்று இங்கே நிற்கிறது என்று கேட்க வாய் வருமா? அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருந்தது. கேட்டால் எதற்கு என்பாள். எதற்கு என்று சொல்லப் போனால் குரல் உடையும். கடுக்காய் வியாபாரத்தில் சேலத்துக்காரனையே அழவைத்த குரல் அது. மலையில் ஒரு பொம்பிளை முன்னால் உடைய விட எனக்கு மனமில்லை.

அப்போது மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பியது. டங், கொட். சின்ன மலைமாடு. ஒரு கொம்பு வானத்தைப் பார்த்தது, இன்னொன்று பக்கத்து வீட்டைப் பார்த்தது. கழுத்தில் ஜாஸ்தியின் கயிறு, அதில் மணி. நான் மணியைப் பார்க்கவில்லை. அப்பாவின் ஆவி இறங்கிவிட்டது. மாட்டைப் பார்த்தேன்.

"மாடு இன்னா வெல சொல்றீங்கக்கா?"

செல்லியம்மாள் என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னாத்துக்கு மாடு?"

"வூட்ல பாலு வேணுமாம். பாக்கெட் பாலு தண்ணியா இருக்குதாம்."

"இது செனைங்க. இப்ப எங்கேர்ந்து பாலு?"

"நான் இனிமே வரப்போற பால சொல்றன்."

வேடியப்பன் என் முழங்கையைத் தொட்டான். "ண்ணா, ஒரு நிமிசம்…"

"நீ சும்மா இர்ரா. யாவாரம் நடக்கறப்ப நடுவுல பேசாத."

மாட்டைச் சுற்றி வந்தேன். கொம்பு கோணல் என்றேன். விலா தெரிகிறது என்றேன். வால் குட்டை, கொசு ஓட்டக்கூட எட்டாது என்றேன். மணியைத் தவிர அந்த மாட்டில் இருந்த அத்தனையையும் குறை சொன்னேன்.

"கோணக் கொம்பு, குட்ட வாலு, எலும்பும் தோலும்," என்றாள் செல்லியம்மாள். "இத்த ஏன் மெனக்கெட்டு வாங்கறீங்க? போற வழியில நல்ல மாடா பாத்துக்கினு போங்களேன்."

மடக்கிவிட்டாள். மலையில் சாமை புடைக்கிறவள் என்று நினைத்தது என் தப்பு. "பாத்ததும் ஒரு பிரியம்," என்றேன்.

"பிரியத்துக்குத் தனி வெலைங்க."

நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்று சொன்னாள். கம்மி என்றாள், ஜாஸ்தி என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் இரண்டு பேரும் மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தோம். மரத்தடியிலிருந்து யாரும் காதை நிமிர்த்தவில்லை.

"அண்ணா," என்று மறுபடி வேடியப்பன். "நான் சொல்றத்த கொஞ்சம்…"

"வாய மூடுறா."

அவள் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டேன். என் ஆயுசில் முதல் முறை. சீக்கிரம் முடித்து, மணியோடு மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கி, ஓடையைத் தாண்டியதும் மணியைக் கழற்றிக்கொண்டு, மாட்டை யாருக்காவது தள்ளிவிட வேண்டும். அப்படித்தான் திட்டம். அச்சாரம் கொடுத்தேன். செல்லியம்மாள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மாட்டின் அருகே போய், கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, மணியோடு சேர்த்துச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கயிறு கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள்.

அந்தியூர்ச் சந்தை முழுக்க என் கண்முன்னால் வந்து நின்றது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்ட அந்த வியாபாரி. மாட்டை விற்றாலும் குதிரையை விற்றாலும் விற்பவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிற்றோடு கொடுத்தால் பட்டியில் இருக்கிற அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். கயிற்றில் தொங்குகிற மணியும் கயிற்றோடு சேர்த்திதான். சந்தைக்குப் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தது. மணியைப் பார்க்காமல் இருப்பதிலேயே அவ்வளவு மும்முரமாக இருந்துவிட்டேன்.

வேடியப்பனைத் திரும்பிப் பார்த்தேன். "அத்ததான் சொல்ல வந்தன்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "வாய மூட சொன்னீங்க."

"அக்கா," என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. "கயிறு வேணாம். அந்தப் பழைய மணி மட்டும் இருந்தா மாட்டுக்கு நல்லாயிருக்கும்."

செல்லியம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த மணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் அது மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மணிக்குதான் வந்தீங்களா?"

நான் மாட்டின் கோணல் கொம்பைப் பார்த்தேன்.

"வந்ததும் கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பனே. உங்க மணிதான அது?" அவள் குரலில் கோபம் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. "இப்ப மாட்ட வித்துட்டன். இனிமே எப்டிங்க குடுப்பன்? இன்னும் ரெண்டு ஆடு நிக்குது பட்டியில. அதுவும் போவணுமா?"

"அப்ப மாட்ட நீங்களே எடுத்துக்குங்க. யாவாரம் ரத்து."

"அச்சாரத்த கண்ல ஒத்திக்கினன். சென மாட்டுக்குப் பேச்சு மாத்தனா கன்னு தங்காதுங்க."

"நாளைக்கு, அடுத்த மாசம், எப்பவாச்சும்…"

"மாடு உங்க கையில இருக்கற வரிக்கும் குடுக்கக் கூடாது."

வியாபாரத்தில் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் திறக்கத் தெரியும் எனக்கு. இங்கே ஒவ்வொரு கதவையும் நானே தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தேன்.

"அந்த மணி எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

வாயைத் திறந்தேன். நினைத்தது சரியாகப் போயிற்று. குரல் வரவில்லை. இருமினேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டேன். வேடியப்பன்தான் சொன்னான்: "சத்தம் இல்லாம அண்ணனுக்கு நடக்க வரலக்கா. வர வழியெல்லாம் நின்னு நின்னு வந்தாரு."

அவள் தோளில் கிடந்த மணியைத் தடவினாள். பிறகு, "இங்க மட்டும் இன்னாவாம்?" என்றாள். "மாட்டுக்கு இத்த கட்டன நாள்லேர்ந்து, மேய்ச்சலுக்கு ஓட்டிக்கினு போனா வூட்டுக்கு வூடு எட்டிப் பாக்கறாங்க. மண்டிக்காரரு வந்துட்டாருன்னு ஒருத்தி புளிக்கூடைய தூக்கிக்கினு பாதைக்கே வந்துட்டா. மாட்டப் பாத்துட்டு என்னை வையறா. நான் இன்னா பண்ணுவன்? கழட்டிடலாம்னுகூட பாத்தன். கழட்டினா ஊரே செத்த மாதிரி இருக்குது."

நான் தோள்துண்டை எடுத்து மாட்டின் கழுத்தில் போட்டேன். வேறு என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. "வா," என்றேன்.

மாடு வரவில்லை. நாலு காலையும் தரையில் நட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. இழுத்தேன். கழுத்து மட்டும் நீண்டது. வேடியப்பன் பின்னாலிருந்து தள்ளினான். மாடு நிதானமாகச் சாணி போட்டது. இதே மாதிரி ஒரு துண்டுக்குப் பின்னால் ஒருத்தி ஒரு சந்தையையே தாண்டி நடந்து வந்தாள். அந்தத் துண்டு எப்போதோ கிழிந்து மண்டியில் தராசு துடைக்கப் போனது. இருந்திருந்தால் இன்றைக்கு அதையாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

துண்டை எடுத்துவிட்டேன். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது. அப்பாவின் யோசனை இல்லை அது. அவர் கேட்டிருந்தால் என்னைக் கடையை விட்டே விரட்டியிருப்பார்.

"செல்லியக்கா, மாடு என்னுது. அதுல பேச்சு இல்லியே?"

"இல்லீங்க."

"என் மாட்ட உங்ககிட்ட பங்கு பேசி வாரத்துக்கு வுடறன். நீங்க மேச்சிக் காப்பாத்துங்க. மொதல் கன்னு உங்களுக்கு. பாலு முழுக்க உங்களுக்கு. அடுத்த கன்னு எனக்கு."

கேட்டதும் அவள் கண்கள் சுருங்கின. "உங்களுக்கு இதுல இன்னா லாவம்?"

"மாசாமாசம் வந்து மாட்ட பாத்துட்டுப் போவன். என் சொத்தாச்சே. பாக்க வேணாமா?"

"மணி?"

"மணி உங்களுது. உங்க பட்டிய வுட்டு வெளிய போவாது. நான் கேக்கவே இல்லியே."

"அப்ப நான் மாட்டுக்குக் கட்டட்டுமா?"

"உங்க மணி. உங்க இஷ்டம்."

செல்லியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் துடைத்தாள். எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தோளிலிருந்த கயிற்றை எடுத்து, மாட்டின் கழுத்தில் பழையபடி கட்டினாள். மாடு ஒரு அடி எடுத்து வைத்தது. டங்.

கிளம்பும்போது ஒரு பரங்கிக்காயைப் பறித்து என் கையில் கொடுத்தாள். "இதுக்கு வெல பேசாதீங்க," என்றாள். காயின் காம்பில் இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது. மேட்டைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். பிறகு பார்த்தேன்.

பாதி நாளில் ஒரு செனை மாட்டைச் சொன்ன விலைக்கு வாங்கி, அதன் பாலையும் கன்றையும் விற்றவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, வாங்க வந்த பொருளையும் வாங்காமல் ஒரு மண்டிக்காரன் மலையிறங்கினான். எங்கள் வம்சத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. வேடியப்பன் முன்னால் நடந்தான். அவன் முதுகு குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை.

ஓடைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாதையில் செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் வருகிற ஒரே இடம். ஜாஸ்தி தண்ணீர் குடிக்கும்போது நான் உட்காருகிற பாறையும் அதுதான். உட்கார்ந்தேன். பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டேன். போன் அடித்தது. அமிர்தம்.

"புளி வாங்கியாச்சா?"

"இல்ல."

"வேற இன்னா வாங்கினீங்க?"

"ஒரு மாடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். கோடு இருந்தது.

"மாடு எங்க?"

"மலையிலயே இருக்குது."

பிறகு, வேறு யாரோ பேசுவதுபோல மெதுவாக, "மணி கெடச்சுதா?" என்றாள்.

நான் அவளிடம் மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் வாய்தா போட்டவள் இப்போது தீர்ப்பே எழுதி வைத்திருந்தாள்.

கீழே ஓடையில் செல்லியம்மாள் மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்களை வேண்டுமென்றே பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நின்றாள். மாடு தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. குனிந்த கழுத்தில் மணி அசையாமல் தொங்கியது. வெயில் அதன்மேல் பட்டது.

நான் போனை ஓடைப் பக்கமாக நீட்டினேன்.

"இன்னாங்க?" என்றாள் அமிர்தம் என் உள்ளங்கைக்குள்ளிருந்து. "எதுவும் கேக்கலியே."

"இரு," என்றேன். "தண்ணி குடிச்சிக்கினு இருக்குது. முடிச்சிட்டுத் தலைய ஆட்டும்."